லிசெட் வீட்டுக் கத்தி

அம்மா லிசெட்டின் இரங்கல் அட்டையில் மூன்று பெயர்கள் போட்டோம்: காத்லீன் (நான்), லூக், ரெமி. அச்சகத்துக்காரர் தொலைபேசியில் கேட்டார்.

"ரெமி யாரும்மா? மகனா, மருமகனா?"

"எங்க ரெமி."

"சரி சரி," என்றார். அவரும் கேல் ஊர்க்காரர்தான். அதற்கு மேல் கேட்கவில்லை.

அம்மா பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்குச் சமையலறையில் விழுந்து இறந்தார். மூளையில் ரத்தக் கசிவு. ரெமிதான் முதலில் பார்த்தார். எதிர்வீட்டுக் கமீல் மாமாவின் கதவைத் தட்டி, "முதலாளியம்மா தரையில இருக்காங்க. கூப்பிட்டும் எழுந்திருக்கல," என்றிருக்கிறார். பிறகு வீட்டுக்குத் திரும்பி, மிச்சமிருந்த உருளைக்கிழங்கை உரித்து முடித்திருக்கிறார். டாக்டர் வந்தபோது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் மனநல மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்காரர் இறந்துவிட்டதால் ரெமியை இந்த வீட்டில் வைத்திருக்கும் ஏற்பாடு முடிகிறது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மூன்று பேர் வந்து பார்ப்பார்கள். ஊருக்கு வெளியே உள்ள முதியோர் விடுதியில் ஓர் இடம் தயாராக இருக்கிறது. நாற்பது படுக்கை. இரவு எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

முதலில் அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நான் ஆண்ட்வெர்ப்பில் ரயில்வே சிக்னல் பொறியாளர். இரண்டு வாரம் விடுப்பு எடுத்திருந்தேன். ரெமிக்கு அறுபத்தேழு வயது. எனக்கு நாற்பத்தாறு.

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 1938இல் இதே தெருவில் பிறந்தவர். அவர் பெற்றோர் வீட்டிலும் ஓர் ஆள் இருந்தார்; மனநல மருத்துவமனை எங்கள் ஊர்க் குடும்பங்களோடு தங்கி வாழ அனுப்பும் நோயாளிகளை அப்படித்தான் சொல்வோம். கிளாரா என்ற பெண்மணி. துணிக்கு இஸ்திரி போடுவார், சில நாள் சுவரோடு பேசுவார். ஊரில் பாதி வீட்டில் அப்படி ஒருவர் இருந்த காலம். எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று அம்மா நினைத்திருக்கிறார். ஆறு வயதில் பிரஸ்ஸல்ஸில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போனபோது, எல்லா அறையையும் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஆளு எங்க?" என்று கேட்டாராம்.

ரெமி 1976இல் வந்தார். வயது இருபத்தொன்பது, கையில் ஒரு பெட்டி. எனக்கு அப்போது எட்டு வயது; அன்றிலிருந்து அவருக்கு நான் 'பாப்பா'. உடன் வந்த நர்ஸ் மூன்று விஷயம் சொன்னார். மீன் சாப்பிட மாட்டார். மாத்திரை இரண்டு வேளை. தூக்கம் குறைவு. நோயின் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சொல்வதில்லை, வீட்டுக்காரர்களும் கேட்பதில்லை. நான் பதினைந்து வயதில் கேட்டேன்.

"அம்மா, ரெமிக்கு என்னதான் வியாதி?"

"உங்கப்பாவுக்கு மூலம் இருக்கு. அதை நான் தெருவுல போய்ச் சொல்றேனா?"

வந்த இரண்டாம் நாளே அம்மா அவர் கையில் ஒரு கத்தியைக் கொடுத்தார். மரப்பிடி போட்ட சின்னக் கத்தி. "பன்னெண்டு மணிக்குக் கிழங்கு மேசைக்கு வரணும். அது உங்க வேலை. நான் கை வைக்க மாட்டேன்," என்றார். கை வைக்கவே இல்லை. சில நாட்கள் ரெமியால் மாடியிலிருந்து இறங்க முடியாது. அன்று அம்மா ரொட்டியை எடுத்து மேசையில் வைப்பார். "ரெமி இன்னிக்கு உரிக்கல. ரொட்டிதான்." அப்பா முணுமுணுப்பார். அம்மா மாறமாட்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் வேறு யாரும் ஓர் உருளைக்கிழங்கு உரித்ததில்லை.

எல்லாம் சுமுகமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. 1996இல் ரெமி குளியலறை ஜன்னலை உடைத்தார். தடுக்கப் போன அம்மாவுக்குக் கையில் ஏழு தையல். ரெமி ஆறு வாரம் மருத்துவமனையில் இருந்தார். அம்மா கட்டுப் போட்ட கையோடு சைக்கிளில் போய் வாராவாரம் பார்த்தார். கூட்டிவந்த அன்று, "ஜன்னலை நீங்கதான் மாட்டணும்," என்றார். ரெமி மாட்டினார். இன்றும் அதில் காற்று புகுகிறது. புது ஜன்னல் போட்டுத் தருகிறேன் என்றேன். "என் வீட்டு ஜன்னல் எனக்குப் பிடிச்சிருக்கு," என்றார் அம்மா.

அதற்கு முன்பே, 1990இல் அப்பா இறந்தபோது, ஒருமுறை ரெமியை அழைத்துப் போகப் பார்த்தார்கள். கணவனை இழந்த பெண் தனியாக இருக்கும் வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பது சரியில்லை என்று ஓர் அதிகாரி வந்தார். நான் அப்போது உடன் இருந்தேன்.

"வீட்டுல ஆம்பளை இல்லையே, மேடம்," என்றார் அவர்.

அம்மா மேசைப் பக்கம் கையைக் காட்டினார். "அப்ப இது யாரு? பூனையா?"

ரெமி தலையைத் தூக்காமல் உரித்துக்கொண்டிருந்தார். அதிகாரி போய்விட்டார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் தப்புச் செய்தேன்.

அடக்கம் முடிந்து தம்பி லூக் கிளம்பும்போது மேசை இழுப்பறையைத் திறந்தான்.

"அக்கா, நீ தனியா இருக்கப் போற. இந்தக் கத்தியெல்லாம் எடுத்து வெச்சிடு."

"முப்பத்தெட்டு வருஷமா அங்கதான்டா இருக்கு."

"அப்ப அம்மா இருந்தாங்க."

என் தொழிலில் ஒரு விதி உண்டு. எங்கே பழுது என்று தெரியாவிட்டால் எல்லா விளக்கையும் சிவப்பாக்கு. வீட்டிலிருந்த கத்திகள் அத்தனையையும் ஒரு துண்டில் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கடையில் உரித்த கிழங்கு பாக்கெட் வாங்கினேன்.

திங்கள் காலை பத்தரைக்கு ரெமி கீழே வந்தார். இழுப்பறையைத் திறந்தார். மூடினார். மேசையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தார்.

"இதை யாரு உரிச்சது?"

"மெஷின்ல உரிக்கிறாங்க, ரெமி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"ம்," என்றார். மாடிக்குப் போய்விட்டார்.

செவ்வாய் சாப்பிட வரவில்லை. புதன் காலை போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கோட்டு, ஷூ, மடியில் 1976இல் கொண்டுவந்த அதே பெட்டி. காலி மூலையைப் பார்த்து யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மாலை வழக்கமாக வரும் நர்ஸ் யோரிஸ் வந்து பார்த்து, எழுதிக்கொண்டார். உணவு மறுப்பு. குரல்கள் அதிகம்.

"மேடம், இடம் தயாரா இருக்கு. உங்க மேல தப்பு ஒண்ணுமில்ல. சொந்தக்காரங்க செத்தா இப்படி ஆகும்."

நானும் அதை நம்பினேன். நான்கூட அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழன் கமீல் மாமா ஒரு ஆப்பிள் கேக் கொண்டுவந்தார். வெட்டுவதற்கு இழுப்பறையைத் திறந்தார்.

"கத்தி எங்க?"

"கார்ல."

"கார்ல யாரு சமைக்கிறா?"

சொன்னேன். அவர் கேக்கைக் கையால் பிய்த்துத் தட்டில் வைத்தார்.

"உன் படிப்புக்கு எத்தனை வருஷம் ஆச்சு?"

"அஞ்சு."

"தண்டம். அந்த ஆளு உங்கம்மா செத்த அன்னிக்குக்கூட வேலையை முடிச்சிட்டுத்தான் எழுந்தான். நீ வந்து ஒரே வாரத்துல வேலையைவிட்டுத் தூக்கிட்ட. பெட்டி கட்டாம வேற என்ன பண்ணுவான்?"

எல்லாம் சிவப்பாக இருந்தால் ரயில் மோதாது. எங்கேயும் போகவும் போகாது. இதை நான் மற்றவர்களுக்குப் பாடமாக எடுப்பவள்.

காரிலிருந்து கத்திகளைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தேன். பாக்கெட்டைக் குப்பையில் போட்டேன். சந்தையில் மண் ஒட்டிய கிழங்கு ஐந்து கிலோ வாங்கி மேசைக்கடியில் கூடையில் கொட்டினேன். பன்னிரண்டு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே நின்று சத்தமாகச் சொன்னேன்.

"ரெமி இன்னிக்கு உரிக்கல. ரொட்டிதான்."

அம்மாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றேன். அழுகை அப்போதுதான் வந்தது.

வெள்ளி பத்தரைக்கும் அவர் இறங்கவில்லை. பதினொன்றுக்கு மூன்று பேர் வந்தார்கள்: ஒரு பெண் மருத்துவர், ஓர் அலுவலர், யோரிஸ். அலுவலர் படிவத்தை விரித்தார். விடுதியின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

"நான் இவரை வெச்சுக்கறேன்," என்றேன்.

"நீங்க ஆண்ட்வெர்ப்பில வேலை பாக்கறீங்க," என்றார் மருத்துவர்.

"இங்கிருந்து ரயில் இருக்கு. அதோட சிக்னலைப் பாக்கறதே நான்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துருவேன்."

"பகல்ல வீட்டுல யாரு?"

"அம்மா இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட கான்டீனுக்கு வேலைக்குப் போனாங்க. பகல்ல ரெமிதான் இருந்தார். வீட்டுச் சாவி அவர்கிட்ட இருந்துச்சு. என்கிட்ட இருந்ததில்ல."

"இந்த வாரம் அவர் நிலைமை மோசமாயிருக்கே."

"நான் கத்தியை எடுத்து ஒளிச்சேன். அதுலேர்ந்துதான்."

அலுவலர் நிமிர்ந்தார். "கத்தியா?"

மாடிப்படி சத்தம் கேட்டது. ரெமி சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. இழுப்பறையைத் திறந்தார். கொஞ்ச நேரம் கைவைக்காமல் உள்ளேயே பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து, கட்டைவிரலில் கூர் பார்த்து, கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அலுவலர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார்.

"எத்தனை பேரு?" என்றார் ரெமி.

"அஞ்சு," என்றேன்.

"நாங்க சாப்பிட வரல, ஐயா," என்றார் அலுவலர்.

"அப்ப பன்னெண்டு மணிக்கு என்ன பண்ணுவீங்க?"

அலுவலர் பேனாவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். "மேடம், இதை நான் அறிக்கையில எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்க. கத்தி இருந்த முப்பத்தெட்டு வருஷத்தையும் எழுதுங்க. ஜன்னல் உடைஞ்சதையும் எழுதுங்க, அன்னிக்கும் இவர் கையில கத்தி இல்ல. கத்தி இல்லாத இந்த வாரத்தையும் எழுதுங்க. பழுது பாக்கப் போனவங்க ஒரு பக்கத்து அளவை மட்டும் எடுத்துட்டு வந்தா என் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவோம்."

யோரிஸ் தன் குறிப்பேட்டைப் புரட்டினார். "தேதி சரியாத்தான் இருக்கு," என்றார் மெதுவாக. "திங்கக்கிழமைக்கு முன்னாடி சாப்பிட்டிருக்கார். நான் காரணத்தை வேற மாதிரி எழுதிட்டேன்."

மருத்துவர் ரெமியின் பக்கம் திரும்பினார். "ரெமி, நீங்க எங்க இருக்கணும்னு நினைக்கறீங்க?"

ரெமி கையிலிருந்த கிழங்கை முடித்தார். பானையில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

"முதலாளியம்மா செத்துட்டாங்க," என்றார். "பாப்பாவுக்கு உரிக்கத் தெரியாது."

மருத்துவர் அலுவலரிடமிருந்து படிவத்தை வாங்கி, அச்சாகியிருந்த விடுதிப் பெயரை அடித்தார். மேலே எங்கள் முகவரியை எழுதி என் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்காரர் பெயர்: என் பெயர். தொடங்கும் தேதி என்ற கட்டத்தில் "1976" என்று எழுதினேன். முடியும் தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது. அதைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

"இங்கேயும் நிரப்பணும்," என்றார் அலுவலர். "வழக்கமா ஆறு மாசம் போடுவோம்."

"வழக்கமா நாங்க போட மாட்டோம்."

அவர் மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பா," என்றார் ரெமி, "உப்பு எங்க வெச்ச?"

அதையும் நான்தான் இடம் மாற்றியிருந்தேன்.