டைனாவின் ஒட்டுச் சீட்டு

டைனா என்ற பெண்ணின் பெயரை ஓர் ஊர் வரலாற்றில் நான் தெரிந்தே எழுதாமல் விட்டேன். யாரும் என்னை விடச் சொல்லவில்லை.

நேற்று ஹீட்டர் பார்க்க வந்தவருக்காக பேஸ்மென்டில் பெட்டிகளை நகர்த்தியபோது, நான் அந்த வரலாற்றை எழுதிய துண்டுப் பிரசுரம் ஈரவாசனையோடு கையில் வந்தது. தொண்ணூறுகளில், நியூ ஜெர்சியில் எங்கள் ஊரின் வரலாற்றுக் குழுவில் நான் ஒருவன்தான் இந்தியன். மற்றவர்கள் தோட்டச் செருப்போடு வரும் கூட்டத்துக்கு டை கட்டிக்கொண்டு போவேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வூர் எழுத்தராக இருந்து, பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் சபைக்குப் போனவரின் வாழ்க்கையை என்னை எழுதச் சொன்னார்கள்.

அவர் கைப்பட எழுதிய பதிவேட்டைப் பார்த்தேன். அழகான கையெழுத்து. வழிதவறிய மாடுகள், வேலித் தகராறுகள், நடுவில் ஒரு வரி: 'என் அடிமை டைனாவுக்குப் பெண் குழந்தை.' மாட்டின் நிறம், அடையாளத்துக்குப் போட்ட காது வெட்டு எல்லாம் எழுதியவர் குழந்தையின் பெயரை எழுதவில்லை.

நான் அந்த வரியையே எழுதவில்லை. தமிழ்ச் சங்க மலருக்கு வாழ்த்துரை எழுதிப் பழகிய கை. அவருக்கும் பொன்னாடை போர்த்திவிட்டேன். சங்கத்துக்கு ஹால் கட்ட, குழுவினருக்குச் செல்வாக்குள்ள டவுன்ஷிப் நிர்வாகத்தின் அனுமதி வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

பிரசுரத்துக்குக் குழு கைதட்டியது. ஏதோ சாமர்த்தியம் செய்தவன் போல என் மனைவி கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இட்லி மாவைக் கையால் கலந்துகொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"மாட்டுக்குக் காது வரைக்கும் எழுதினவரு, டைனா பேரையாவது எழுதினாரு. நீங்க அதையும் விட்டுட்டீங்க. அவரே பரவால்ல."

அந்த வரியைச் சீட்டாக அச்சடித்து, நூலகத்தில் அடுக்கியிருந்த பிரதிகள் அனைத்திலும் ஒட்டினேன். சங்கத் தலைவர் டாக்டர் சேவியர் போன் செய்தார்.

"சார், பர்மிஷன் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணக் கூடாதா? அந்த டைனா இருநூறு வருஷம் வெயிட் பண்ணவங்கதானே."

"அதனாலதான் டாக்டர்."

குழு சீட்டுகளை எடுக்கச் சொன்னது. மாட்டேன் என்றேன். என்னை நீக்கி, பிரசுரத்தையும் குப்பைக்கு அனுப்பினார்கள். ஹாலுக்கு அனுமதி வரவில்லை. என்னாலா, பார்க்கிங் போதாததாலா, இன்றுவரை தெரியாது. பொங்கல் விழாவில் என்னைப் பார்த்தால் சேவியர் சாம்பார் வாளிப் பக்கம் திரும்பிக்கொள்வார். அதில் வருத்தம் உண்டு. ஒட்டியதில் இல்லை.

அந்தக் கனவானின் வீட்டை இடித்து மருந்துக்கடை கட்டிவிட்டார்கள். குழு கலைந்துவிட்டது. கமலாவும் இல்லை. மிஞ்சியது இந்த ஒரு பிரதி. தாள் பழுத்து, மடிப்பில் கிழிகிறது. சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். வரவில்லை.