மஞ்சளுக்குப் பின் பச்சை

எனக்கு ஏழு வயது நடந்தபோது, ஆஸ்பத்திரியில் கிடந்த சித்தப்பாவின் கட்டு என்ன நிறத்தில் இருக்கிறது என்று தினமும் பார்த்து வந்து சொல்வது என் வேலையாக இருந்தது. வேலையைக் கொடுத்தவள் அம்மா. என் தம்பி பிறந்து சில நாட்களே ஆகியிருந்ததால், தீட்டுக் கழியும்வரை பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் வாசலை அவள் தாண்டக் கூடாது. சாயங்காலம் அப்பாதான் என்னை அழைத்துப் போவார். ஆனால் அவரிடமிருந்து செய்தி எதுவும் பெயராது. கேட்டால் "இருக்கான்" என்பார்.

சித்தப்பா கிள்ளான் ரயிலில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். ஒருநாள் அடுப்புக் கதவைத் திறந்தபோது தீ வெளியே பாய்ந்துவிட்டது. முகம், மார்பு, இரண்டு கைகள். கண்ணையும் காதையும் சேர்த்துக் கட்டி, வாய்க்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

"புள்ள, கட்டு என்னா கலரு?"

"மஞ்சள், சித்தப்பா."

"அப்ப நலங்கு வச்சாச்சுலா. பொண்ணு மட்டுந்தான் பாக்கி."

அந்தக் காலத்தில் தீப்புண்ணுக்குப் போட்ட மருந்து மஞ்சள் நிறம். துணி, தலையணை, கட்டுப் போடுகிறவரின் விரல்நகம் எல்லாம் மஞ்சளாக இருக்கும். நான் போய்ச் சொன்னதும் அம்மாவின் முகம் தெளிந்தது. முந்தின வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்தபோது அவள் செய்த வைத்தியமும் அதுதான்: முதலில் மஞ்சள், பிறகு அரைத்த வேப்பிலை, கடைசியில் தலைக்குத் தண்ணீர்.

"வெள்ளைக்காரனும் மஞ்சளத்தானே பூசுறான்? அடுத்தது வேப்பிலை. பாத்துக்கிட்டே இரு" என்றாள்.

ஒன்பதாம் நாள் மார்புக் கட்டு பச்சையாக இருந்தது. லேசாக நீலம் கலந்த பச்சை. கிட்டே போனால் மிகவும் பழுத்துப்போன பழத்தின் இனிப்பு வாசனை. கம்பளிக்குள் அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பா வராந்தாவில் கட்டுப் போடுகிறவருடன் பேசிக்கொண்டிருந்தார். கட்டிலருகில் நான் மட்டும்.

"இன்னிக்கு என்னா கலரு?"

"பச்சை."

"நல்லாப் பாரு, புள்ள."

"பச்சைதான், சித்தப்பா. வேப்பிலை போட்டுட்டாங்களா?"

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"ஆமா. வேப்பிலைதான். அண்ணிகிட்ட போய்ச் சொல்லு. சந்தோஷப்படும்."

அம்மா சந்தோஷப்பட்டாள். பக்கத்து வீட்டு அக்காவைச் சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொன்னாள். அப்பா உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மா இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னபோது, அதையும் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனார்.

அதிலிருந்து மூன்றாம் நாள் சித்தப்பா இறந்துபோனார்.

புண்ணில் ஒருவகைக் கிருமி ஏறினால் சீழ் அந்த நிறத்தில் வரும் என்றும், அன்று அதற்கு மருந்து கிடையாது என்றும் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். மற்றதை அப்பா சொன்னார், பல வருஷம் கழித்து, அம்மாவின் காரியம் முடிந்த பிறகு. சித்தப்பாவோடு வேலை செய்த ஒருவர், அந்த விபத்துக்கு முந்தின வருஷம் அதே வார்டில் தீப்புண்ணோடு கிடந்தாராம். சித்தப்பாதான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். கட்டு மஞ்சளாக இருந்ததையும், பச்சையானதையும், அதற்குப் பிறகு எத்தனை நாள் என்பதையும் கண்ணால் கண்டவர்.

"நல்லாப் பாரு" என்று அவர் சொன்னபோது, காதிலும் கட்டு இருப்பதால் நான் முதலில் சொன்னது விழவில்லை என்று நினைத்தேன். அதனால் இரண்டாம் தடவை, அவர் காதருகே குனிந்து, சத்தமாகச் சொன்னேன்.