அக்காவின் வலது கைப் பக்கம்

என் முழங்கால் வீங்கிக் கிடந்த ஒரு மழைக்காலத்தில், நான் டீ கொடுத்துப் பெருக்கும் அலுவலகத்தில் ஓர் அதிசயம் நடந்தது. சாயங்காலம் டீ டம்ளர்களை எடுக்கப் போனால் ஜன்னலோர வரிசை மேசைகளில் மட்டும் ஒன்றும் இருக்காது. எல்லாம் வாசலுக்குப் பக்கத்து மேசையில், ஒரு தட்டில் அடுக்கியிருக்கும். நான் யாரையும் கேட்கவில்லை. ஒருநாள் கொஞ்சம் முன்னதாகப் போனபோது பார்த்துவிட்டேன். கடிதப் பிரிவு அக்கா மேசை மேசையாகப் போய் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி ஒரு சிரிப்பு.

"உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போச்சும்மா. அதான் சும்மா நடந்தேன்" என்றார்.

அவ்வளவுதான். அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. ஆனால் தட்டு தினமும் அங்கே இருந்தது.

மனு போட்டவர்களுக்குப் பதில் எழுதி அனுப்புவது அக்காவின் வேலை. அவர் வேலை செய்வதைப் பார்ப்பதே கண்ணுக்குக் குளிர்ச்சி. வந்த காகிதங்கள் இடது கைப் பக்கம். முடித்து முத்திரை குத்திய கடிதங்கள் வலது கைப் பக்கத் தட்டில். நடுவில் ஒன்றே ஒன்று. அதை முடிக்காமல் தண்ணீர் குடிக்கக்கூட எழமாட்டார். அடுத்த இருக்கைக்காரரோ, யார் எதைக் கேட்டாலும் "அப்புறம் பார்க்கலாம்" என்பார். அதனால் அவருக்கு அலுவலகத்தில் 'அப்புறம் அண்ணன்' என்றே பெயர். அவர் மேசையில் காகிதம் கறையான் புற்று மாதிரி வளர்ந்திருக்கும்.

"அக்கா, உங்க மேசையில ஈ உட்கார்ந்தா வழுக்கி விழுந்துடும்" என்று கிண்டல் செய்வார்.

"உன் மேசையில உட்கார்ந்தா வழி தெரியாம செத்தே போயிடும்டா" என்பார் அக்கா.

அந்தச் சுத்தத்தின் காரணம் எனக்கு மட்டும் தெரியும். டீ போடும் அறையில் ஒரு மத்தியானம் அக்கா தானாகச் சொன்னார். கொஞ்ச காலமாகவே மறதியாம். வைத்தியர் பார்த்துவிட்டு, இது கூடிக்கொண்டேதான் போகும் என்று சொல்லிவிட்டாராம்.

"ரெண்டு காகிதம் எதிர்ல இருந்தா எது எதுன்னு குழம்பிடுதும்மா. ஒண்ணே ஒண்ணு இருந்தா தப்பிச்சுக்கறேன். மனசு மறந்தாலும் கை மறக்கல. கடுதாசியைக் கை தானா வலது பக்கம் வச்சிடுது. பொண்ணு நர்ஸ் படிப்பை முடிக்கற வரைக்கும் இந்த நாற்காலியில இருந்துட்டாப் போதும். கடைசி வருஷம்தான். யார்கிட்டயும் சொல்லிடாதே."

நான் சொல்லவில்லை, கடவுளிடம் மட்டும் சொன்னேன். தினமும் விளக்கேற்றும்போது, இந்த ஒரு வருஷத்தை மட்டும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள் சாமி என்று கேட்டேன்.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். சின்ன வயது, நல்ல மனசு. வாயைத் திறந்தால் சுறுசுறுப்பு, நேரம், வேலைப் பழக்கம் என்றுதான் பேசுவார். வந்த வாரமே அக்காவின் மேசைக்கு முன்னால் எல்லாரையும் கூட்டி நிறுத்தினார்.

"பாருங்க, ஒரு நேரத்துல ஒரு வேலை. எடுத்தா முடிச்சிட்டுத்தான் அடுத்தது. இதுதான் பழக்கம். எல்லாரும் அக்காகிட்ட கத்துக்கணும்."

அக்கா தலை குனிந்து நின்றார். கூச்சம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் அல்லவா, அக்காவை வாரத்துக்கு ஓர் இடத்தில் உட்கார வைத்தால் பக்கத்தில் இருப்பவர்களும் திருந்துவார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. முதலில், வந்ததுமே அவர் மூலைக்கு மாற்றியிருந்த அப்புறம் அண்ணனுக்குப் பக்கத்தில்.

"சார், எனக்கு ஜன்னல் பக்கமே பழகிடுச்சு" என்றார் அக்கா.

"என்னக்கா நீங்க! உங்களுக்கு எந்த இடமா இருந்தா என்ன?" என்று சிரித்தார் மேனேஜர். அதற்கு மேல் அக்கா என்ன சொல்வார்? காரணத்தைச் சொன்னால் வேலை போய்விடும்.

அந்த மூலை இருக்கையின் வலது கைப் பக்கம் காகிதம் கிழிக்கும் மெஷின். அதை ஒட்டி, கிழிக்க வேண்டியதைப் போடும் பெட்டி. மெஷின் சுவரோடு பதிந்தது, நகர்த்த முடியாது. அக்கா தட்டை இடது பக்கம் வைத்துக்கொண்டார். "இடது, இடது" என்று தனக்குத்தானே முணுமுணுத்தும் பார்த்தார். கை கேட்கவில்லை. முடித்த கடிதம் பெட்டிக்குள் போனது.

சாயங்காலம் பெருக்கும்போது நான்தான் கண்டேன். முத்திரை குத்திய தாள் குப்பையாக இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பொறுக்கி எடுத்து, சுருக்கம் நீவி, தட்டில் வைத்தேன். மறுநாளும் அப்படியே. அக்காவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவார் என்று மூச்சு விடவில்லை. வாரம் முடிந்தால் வேறு இடம், அதுவரை சமாளித்துவிடலாம் என்று நம்பினேன்.

வாரத்தின் நடுவில் என் அண்ணன் இறந்துபோனார். லீவு சொல்லிவிட்டு ஓடினேன். காரியம் முடிந்து நான் திரும்புவதற்குள், எனக்குப் பதிலாக வந்தவள் பெட்டியில் இருந்ததையெல்லாம் மெஷினில் கொடுத்துவிட்டிருந்தாள். அவள் வேலையை அவள் செய்தாள், என்ன குற்றம்?

பதில் வராதவர்கள் நேரில் வர ஆரம்பித்தார்கள். கைத்தடி ஊன்றி வந்த ஒரு பெரியவர், "என் மனுவைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று அழுதார். அப்புறம் அண்ணன், "என்னாலதான் இருக்கும் சார், நான்தான் சோம்பேறி" என்று எழுந்தார். எங்கிருந்து அவருக்கு அந்த மனசு வந்ததோ! அக்கா மூலையில் இருந்த பெட்டியை ஒரு தரம் பார்த்தார், பிறகு அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"இல்லப்பா. என் கை பண்ணின வேலை" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?" என்றார். மேலிடத்தில் கெஞ்சிப் பார்த்தார் அவர், நடக்கவில்லை. அந்த மாதத்தோடு அக்கா வீட்டுக்குப் போனார். மகள் கடைசி வருஷத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

என் வேண்டுதலுக்கு ஏன் செவி சாய்க்கவில்லை என்று நான் சாமியைக் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு எனக்கு அறிவில்லை. அழ மட்டும் செய்தேன்.

கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தார். எதிரில் ஒரே ஒரு துண்டு. மடித்து வலது பக்கம் வைத்தார். மகள் அதையே விரித்து மறுபடி இடது பக்கம் வைத்தாள்.

"இப்படி ஏதாவது கையில இருந்தாத்தான் அம்மா அமைதியா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு டீ கொடுத்தாள்.

"அக்கா, என்னைத் தெரியுதா?" என்றேன். நல்ல குடும்பத்துப் பெண்ணைப் பார்ப்பது மாதிரி மரியாதையாகச் சிரித்தார். தெரியவில்லை.

குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொள்ள, சுவரைப் பற்றினேன். கையில் இருந்த துண்டை அக்கா மடித்து முடித்தார். பிறகு எழுந்து வந்து என் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"நீங்க உட்காருங்கம்மா, நானே எடுத்து வைக்கிறேன். எங்க ஆபீஸ்ல டீ குடுக்கறவளுக்கு முழங்கால் வலி. பாவம், அவ இதுக்காக அலையக் கூடாது."