டிஃபரன்ஷியலுக்கு ஒரு பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எழுபத்து மூன்று வயதில், நான் என் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தேன். விபத்து இல்லை. பிடிவாதம்.

வண்டியின் பின்பக்கம் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் மேல் நின்றது. முன் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்திருந்தேன். என் கால்மாட்டில் மனைவி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"துணைக்கா உக்காந்திருக்கே?"

"மாட்டிக்கினா கால புடிச்சி இழுக்கணுமே, அதுக்கு. ஏங்க, ஊர்ல ஒரு மெக்கானிக் கூடவா கெடைக்கல?"

கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கார் பழையது. எஞ்சின் முன்னால், ஓடுவது பின் சக்கரம். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்பு உருண்டை தொங்கும் — அதுதான் டிஃபரன்ஷியல். அதற்குள் எண்ணெய். அந்த எண்ணெய் வெளியே வராமல் காப்பது வளையல் அளவில் ஒரு ரப்பர் வளையம். ஆயில் சீல் என்பார்கள். ஆடி மாதம் அது தேய்ந்து கசிந்தது. ஓரிக்கை போகிற சாலையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் புது சீல் போட்டுக் கொடுத்தார். ஐப்பசியில் மறுபடியும் கசிவு.

வண்டியை அவரிடமே கொண்டு போனேன். அடியில் புகுந்தார். துடைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சீல் நல்லாதான் இருக்குது சார். வேற எங்கியோ கோளாறு. ரெண்டு நாள் வண்டிய வுட்டுட்டுப் போங்க, பாக்கறேன்."

கேட்டது இரண்டே நாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நாலு பேர் நிற்கும்போது, "வேலை தெரியலன்னா ஒத்துக்கோ, சாக்கு சொல்லாதே" என்றேன். ஐம்பது வயது மனிதரை, ஒருமையில்.

அதோடு விட்டேனா? அடுத்த வாரம் இதே பக்கத்தில், இதே பத்தியில், ஒரு சீல் போடத் தெரியாத மெக்கானிக்கைப் பற்றி நக்கலாக எழுதினேன். பெயர் போடவில்லை — நான் நாகரிகம் தெரிந்தவன் அல்லவா... நீங்கள் ரசித்தீர்கள். பாராட்டி எழுதினீர்கள். நானும் இரண்டு மூன்று முறை எடுத்துப் படித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வேறு ஷெட்டுகளுக்குப் போனால், எல்லா இடத்திலும் ஒரே பதில். "நீங்கதான சார் பேப்பர்ல எழுதறவரு? வேணாம் சார், கும்புடறேன்."

சரி, யாரும் வேண்டாம். முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் பௌதிகம் நடத்தியவனுக்கு ஒரு ரப்பர் வளையத்தை மாற்றத் தெரியாதா? இன்டர்நெட்டில் பார்த்தேன். சீல் வாங்கினேன். படுத்தேன்.

எண்ணெயை வடித்தேன். நீளமான ஷாஃப்டைக் கழற்றி ஒரு பக்கமாகக் கட்டி வைத்தேன். நடு நட்டைத் தொடும் முன் அது நின்ற இடத்தில் ஒரு கோடு கிழித்தேன். திரும்ப முடுக்கும்போது அதே இடத்தில் நிற்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் உள்ளே இருக்கும் பேரிங் போய்விடும். ஸ்பானரின் வாலில் குழாயைச் செருகித் தொங்கிய பிறகுதான் நட்டு மனசு வைத்தது. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. சொல்லிக்கொள்ளப் பெருமையாகவும் இருக்கிறது.

சீல் வெளியே வந்தது. துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நெம்பி எடுத்ததில் வெளி ஓரம் நெளிந்திருந்தது. அது என் வேலை. ஆனால் எண்ணெயைத் தடுக்கிற அந்த ரப்பர் உதடு... கீறல் இல்லை, வெடிப்பு இல்லை. கடையில் இருந்து வந்தது போல் இருந்தது.

மெக்கானிக் சொன்னது சரி.

அப்படியானால் எண்ணெய் ஏன் வந்தது? டார்ச்சை மேலே திருப்பினேன். ஓடும்போது டிஃபரன்ஷியல் சூடாகும். உள்ளே காற்று விரியும். அந்தக் காற்று போக, அச்சின் மேல்பக்கம் மூக்கு மாதிரி ஒரு குட்டித் துளை வைத்திருப்பார்கள். பிரீதர் என்று பெயர். அந்த மூக்கு அடைத்திருந்தது. மஞ்சளாக ஏதோ, அதன் மேல் சிவப்பு, அதற்கு மேல் எண்ணெயும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து சிமென்ட் பூசியது போல. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

"இங்க எப்படி சந்தனம் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஆயுத பூஜைக்குக் கிண்ணத்த எடுத்துக்கினு அடியில பூந்தது நீங்கதான? நான் வேணாம் வேணாம்னு கத்திக்கினு இருந்தேன்."

ஆமாம், நான்தான். எங்களுடையது தறி ஓடுகிற வீடு. ஆயுத பூஜை அன்று தறிக்கு மேலே மட்டும் பொட்டு வைத்துவிட்டு எழுந்துவிட மாட்டோம். குழிக்குள் இறங்கி, காலால் மிதிக்கிற மிதிகட்டைக்கும் வைப்போம். கண்ணுக்குத் தெரியாமல் உழைப்பதற்குத்தான் முதல் மரியாதை என்பது வழக்கம். அதே நினைப்பில் இந்த வருடம் காரின் அடியிலும் புகுந்து, துருத்திக்கொண்டு தெரிந்த எல்லாவற்றுக்கும் வைத்தேன். மூக்குக்கும் வைத்திருக்கிறேன் — தாராளமாக, மூன்று விரல் அளவில்.

மூடிய கலத்தில் சூடேறினால் அழுத்தம் கூடும். பலவீனமான இடத்தில் வெளியேறும். எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிய பாடம் இது? மெக்கானிக் இரண்டு நாள் கேட்டது இதைத் தேடத்தான்.

துளையை ஊக்கால் குத்திச் சுத்தம் செய்தேன். புது சீலைப் பதமாகத் தட்டி உட்கார வைத்து, நட்டைக் கோட்டில் நிறுத்தி, எண்ணெய் நிரப்பி, திருமுக்கூடல் வரை ஓட்டிப் போய் வந்தேன். ஒரு சொட்டு இல்லை.

இனி வாயை மூடிக்கொண்டால் தீர்ந்தது. மனைவியைத் தவிர யாருக்குத் தெரியும்?

"நேர்ல போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க, போதும். பேப்பர்ல வேற எழுதி அசிங்கப்படணுமா?" என்றாள் அவள். ஒரு நண்பர், "எழுதினாலும் சந்தனத்தை விட்டுடு, ஊர் தப்பா எடுத்துக்கும்" என்றார். சந்தனம் தப்பு செய்யவில்லை ஐயா. வைத்த விரல் செய்தது. எழுதின விரலும் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மெக்கானிக் எங்கள் தெருக்காரர் இல்லை. அவர் அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். எங்கள் தெருவில் ஒருவர் நெய்த சேலையில் இழை தப்பினால், "கண் அசந்திருக்கும்" என்போம். இவர் விஷயத்தில் ஒரு சொட்டு எண்ணெய் கசிந்ததும் "வேலை தெரியாதவன்" என்றேன். அந்த வார்த்தை எனக்கு ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது? எனக்குப் பதில் தெரியும். உங்களுக்கும் தெரியும். படித்துவிட்டு என் தெருக்காரர்கள் முகம் சுளிக்கலாம். சுளியுங்கள்.

திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போனேன். ஒரு வேனின் அடியிலிருந்து வெளியே வந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"பிரீதரா..." என்று கையைத் துடைத்தார். "ரெண்டு நாள் குடுத்திருந்தா நானே பாத்திருப்பேன் சார்."

"தெரியும். என்னை மன்னிச்சிடுங்க."

"நீங்க எழுதனப்பறம் ரெண்டு டாக்சிக்காரங்க வேற ஷெட்டுக்குப் பூட்டாங்க. அது கூட பரவால்ல. எம்பொண்ணு பேப்பர எடுத்துக்கினு வந்து, 'அப்பா, இது நீயா'ன்னு கேட்டுச்சு சார்."

என் மன்னிப்புக்கு 'விடுங்க சார்' என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

"இதையும் எழுதறேன்" என்றேன்.

"எழுதறதுன்னா பேர் போட்டு எழுதுங்க சார். போன தபா பேர் போடல, ஊருக்கே தெரிஞ்சிது. இந்த தபா போடலன்னா ஒர்த்தருக்கும் தெரியாது."

போடுகிறேன். அவர் பெயர் சாமுவேல். அவர் போட்ட சீலில் ஒரு குறையும் இல்லை.