மருதாணி மேல் விழுந்த பழி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பெற்றேன், ஐந்தையும் வளர்த்தேன். ஒரு பிள்ளைக்கும் நகம் கழன்று விழுந்ததில்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் என் மருமகள் பார்வையில் எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது.

பேத்திக்கு அப்போது ஐந்து வயது. பாலர் பள்ளி விட்டதும் சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்தத் தீபாவளிக்குத் தேக்கா சந்தையில் மருதாணி இலை வாங்கி அரைத்து, அவள் பத்து விரலுக்கும் வைத்துவிட்டேன். நல்ல சிவப்பு. தீபாவளி முடிந்து நாலாம் நாள் நடுவிரல் நகம் அடிப்பக்கத்திலிருந்து கிளம்பி நின்றது. பிறகு கட்டைவிரல், பிறகு மோதிரவிரல். வலியில்லை, ரத்தமில்லை. பலாக்கொட்டையின் தோல் மாதிரி கழன்றது.

மருமகள் படித்தவள். டீ ஆறுவதற்குள் கைபேசியில் மூன்று வியாதி கண்டுபிடித்துவிட்டாள். மூன்றுக்கும் காரணம் நான் அரைத்த மருதாணி. மகனும் அங்கேதான் இருந்தான். அன்றைக்குப் பார்த்து அவன் கண்ணில் மின்விசிறித் தூசி பட்டதாம், என் பக்கம் திரும்பவேயில்லை. இனிமேல் பிள்ளையை முழுநாளும் பாலர் பள்ளியிலேயே விட்டுவிடலாம் என்றாள் மருமகள். பேத்தி இனி என் வீட்டுக்கு வரமாட்டாள் என்று அர்த்தம். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை.

தோல் டாக்டரிடம் அவர்கள் போனபோது நானும் போனேன், அழைக்காமலே. மருமகள் மருதாணியைப் பற்றி ஆங்கிலத்தில் நீளமாக வழக்காடினாள். அந்தச் சீனப் பெண் டாக்டர் கேட்டு முடித்துவிட்டு, ஒன்றிரண்டு மாதத்துக்கு முன்னால் பிள்ளைக்குக் காய்ச்சலோடு கையில், காலில், வாயில் கொப்புளம் வந்ததா என்றார். வந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்தது. ஒரு வாரம் என் மடியில்தான் கிடந்தாள். கைபேசிக்கு அது ஞாபகமில்லை போலிருக்கிறது.

டாக்டர் சொன்னதை மருமகள்தான் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நோய் வந்தால் நகம் கொஞ்ச நாள் வளராமல் நின்றுவிடுமாம். சில வாரம் கழித்துப் பழையது கழலுமாம். அடியில் புதுசு தானாக வருமாம். மருந்து வேண்டாம், இழுக்காமல், தூக்கி நிற்பதை மட்டும் வெட்டிவிட்டால் போதும். மருதாணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை மட்டும் மருமகள் மிக மெதுவாகச் சொன்னாள். எனக்குக் காது நன்றாகவே கேட்டது.

அப்போது டாக்டர் மோதிரவிரலைத் தூக்கிப் பார்த்தார். நகமில்லை, சதை சிவந்திருந்தது. இதை யார் பிடுங்கினார்கள் என்று கேட்டார். மருமகள் எங்கள் பக்கம் திரும்பி அதையும் தமிழில் கேட்டாள்.

"அதுவா விழுந்துச்சுலா," என்றாள் பேத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஐந்து வயதுப் பிள்ளையின் பொய்யில் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு நான் இன்னும் சிறுத்துப்போகவில்லை.

"நான்தான் இழுத்தேன். சட்டையில மாட்டிக்கிட்டே இருந்துச்சு."

மருமகளுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அவள் கீழே மருந்துக்கடையில் சின்ன நகவெட்டி ஒன்று வாங்கி என் கையில் கொடுத்தாள்.

"இனிமே இழுக்காதீங்க, அத்தை. திங்கக்கிழமை பிள்ள வந்ததும் வெட்டி விட்டுருங்க."

அதுதான் அவளுக்கு மன்னிப்பு கேட்கத் தெரிந்த விதம். எனக்குத் தெரிந்த விதத்தில் நானும் வாங்கிக்கொண்டேன், கடனே என்று.

பேத்தி இப்போது தொடக்கநிலை நான்காம் வகுப்பு. நான் எழுத்துக் கூட்டி எழுதியதை எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அவளைக் கூட்டிப்போக வந்த மருமகள் கூடத்தில் இருக்கிறாள்.

"வா, இத ஒரு தடவ வாசிச்சுக் காட்டு. உங்கம்மாவுக்குக் கேக்குற மாதிரி வாசி. மோதிரவிரல் வர்ற இடத்த விட்டுட்டுப் போயிடாத."