உப்பளம் பார்த்த அறை

இதைப் படித்துவிட்டு நல்ல கற்பனை என்று சொல்லப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. ஓட்டல் பில் என்னிடம் இருக்கிறது. அறை எண் 304. நவம்பர் 27. உள்ளே போன நேரம் இரவு 9.20. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அரபு நாட்டில், தமாமில், பதினோரு வருஷமாக ஏசி மெக்கானிக் வேலை. நடுராத்திரியில் ஆளில்லாத மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து மெஷினைப் பிரித்துப் போடுகிறவன் நான். பயந்த சுபாவம் இல்லை. அதாவது, அன்றைக்கு வரைக்கும் இல்லை.

என் மனைவி ஜான்சி போர்ட் பிளேரில் நர்ஸ். லீவு கிடைத்து அவளிடம் போய்க்கொண்டிருந்தேன். தமாம் விமானம் சென்னையில் சாயங்காலம் 4.50க்கு இறங்கும். போர்ட் பிளேர் விமானம் மறுநாள் காலை 11.15க்கு. நடுவில் ஒரு ராத்திரி எங்காவது தங்கியாக வேண்டும்.

"ஏர்போர்ட் எதிர்லயே ரூம் கிடைக்குதுங்க. குளிச்சிட்டு நல்லா தூங்குங்க. எங்கயும் அலையாதீங்க" என்று ஜான்சி போனில் சொன்னாள்.

நியாயமான பேச்சுதான். நானும் அப்படித்தான் தேட ஆரம்பித்தேன். ஒரு ஓட்டலில் மெட்ரோ சத்தம் தாங்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். இன்னொன்றில் ராத்திரி முழுக்க லிப்ட் சத்தமாம். 'அமைதியான அறை' என்று அடித்துத் தேடினேன். எங்கோ கடைசியில் ஒரு படம் வந்தது. ஈ.சி.ஆர். சாலையில், மரக்காணம் பக்கத்தில், மூன்று மாடி ஓட்டல். ஏர்போர்ட்டிலிருந்து இரண்டரை மணி நேரம். ஒரு ராத்திரித் தூக்கத்துக்காக எந்தக் கிறுக்கனும் அவ்வளவு தூரம் போக மாட்டான்.

நான் போனேன். காரணம், அந்தப் படத்தில் பால்கனிக்கு எதிரே உப்பளம் தெரிந்தது. அதன் கோடியில் வளைந்து நின்ற ஒரு பனைமரம் தெரிந்தது. அந்தப் பனைக்குக் கீழே இருக்கும் பாத்திகளில்தான் என் அம்மா உப்பு வாருவாள்.

அம்மா பெயர் தையல்நாயகி. அவளைப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஜான்சி கிறிஸ்தவப் பெண் என்பதால் கல்யாணத்தின்போது வீட்டில் பெரிய ரகளை. சொந்தக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போது அம்மா சொன்னாள், "எனக்கு ஒரே புள்ளதான். அது சுப்ராயன்." சுப்ராயன் என் அண்ணன். நான் சும்மா விட்டேனா? "எனக்கும் அம்மா செத்துட்டா" என்று கத்திவிட்டு வந்தேன். போன் நம்பரை மாற்றினேன். ஊர்க்காரன் ஒருத்தனிடமும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் வந்ததுண்டு. ரோஷத்துக்கு வந்ததே இல்லை.

ஆனால் ஆறு வருஷம் ரொம்ப நீளம். எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வாசலில் போய் நிற்க மட்டும் கால் வரவில்லை. உப்பளத்து ஆட்கள் வெயிலுக்குப் பயந்து விடியற்காலை மூன்று மணிக்கே வேலைக்கு இறங்கிவிடுவார்கள். பால்கனியில் நின்று, டார்ச் வெளிச்சத்தில் ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்குக் கிளம்பிவிடலாம். அதுதான் என் திட்டம். ஜான்சியிடம் அமைதியான இடம் என்று மட்டும் சொன்னேன்.

சேட்டு என்கிற டாக்சி டிரைவர் கொண்டுவந்து விட்டார். காலையில் அவரே திரும்ப அழைத்துப் போவதாகப் பேச்சு. ஓட்டல் வாசலில் காரிலேயே படுத்துக்கொண்டார்.

ரிசப்ஷனில் ரேணுகா என்று பேர் அட்டை குத்திய ஒரு பெண் இருந்தாள்.

"கடல் பக்கம் ரூம் காலியா இருக்குதுங்க. அதையே தரட்டுங்களா?"

"உப்பளம் பக்கம் குடும்மா."

"அங்க இப்ப பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லைங்களே."

"எனக்கு இருக்குது" என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

அறை சுத்தமாக இருந்தது. வெளியே தூறல் நின்றிருந்தது. தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. கும்மிருட்டு. பனைமரம்கூடத் தெரியவில்லை. 2.45க்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்தேன். பயணக் களைப்பில் உடனே தூங்கிப்போனேன்.

அலாரம் என்னை எழுப்பவில்லை.

தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. அதில்தான் விழித்தேன். அத்தனை தவளையும் ஒரே நேரத்தில் வாயை மூடியிருந்தன. போனைப் பார்த்தேன். மணி 2.43.

அலாரத்தை அணைத்துவிட்டு எழுந்து பால்கனிக் கதவைத் திறந்தேன். சுவிட்சைப் போட்டேன். என் தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு எரிந்தது. காற்றே இல்லை. ஆனால் உடம்பு நடுங்குகிற குளிர். கம்பியில் கை வைத்தேன். ஜில்லென்று ஈரம்.

அப்போது கேட்டது.

சரக்…

சிறிது நேரம் கழித்து மறுபடியும்.

சரக்… சரக்…

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது உப்பு வாருகிற பலகைச் சத்தம். நீளக் கழியின் முனையில் கட்டிய பலகை தரையில் இழுபடுகிற சத்தம். வயிற்றில் இருக்கும்போதே கேட்ட சத்தம் அது.

தூரத்தில், பனை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு டார்ச் வெளிச்சம் தெரிந்தது. மெதுவாக நகர்ந்தது. ஒரே ஒரு வெளிச்சம். உப்பு வாருகிற நேரத்தில் நாற்பது ஐம்பது பேராவது இருப்பார்கள். பேச்சும் சிரிப்புமாகக் கிடக்கும். அன்றைக்கு ஒரே ஒரு ஆள். அது ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை.

வெளிச்சம் கொஞ்சம் திரும்பியது. தலையில் துண்டு. தூக்கிச் செருகிய புடவை. இடது காலை லேசாகச் சாய்த்து வைக்கிற நடை.

அம்மா.

இன்னொன்றும் சரியில்லை. அவள் அவ்வளவு தூரத்தில் இருந்தாள். பலகைச் சத்தமோ என் பால்கனிக்கு நேர் கீழே கேட்டது.

பார்த்தால் போதும் என்றுதான் வந்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். முடியவில்லை.

"அம்மா…"

சத்தமாகக்கூடக் கூப்பிடவில்லை. பலகை நின்றது. டார்ச் மேலே திரும்பி என் முகத்துக்கு வந்தது.

"கௌதமா?"

குரல் தூரத்திலிருந்து வரவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"நான்தாம்மா."

"வந்துட்டியாடா?"

"வந்துட்டேம்மா."

"சாப்ட்டியா?"

நான் உடைந்துவிட்டேன். ஆறு வருஷம் ஒரு போன் பண்ணாதவனிடம் அவள் கேட்ட கேள்வி அது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். அழுது முடித்துப் பார்த்தபோது வெளிச்சம் இடது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. வரப்பு மேலேயே போய், கோடியில் திரும்பி, இந்தப் பக்கம் வரப் போகிறாள். அது அரை மைல் சுற்று. எனக்கு நேரமில்லை. மணி 2.58. ஐந்து மணிக்குக் கார். கிடைக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் போல் இருந்தது.

"சுத்தி வராதம்மா… நேரா வா."

வெளிச்சம் நின்றது.

கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

பிறகு திரும்பியது. நேராக என்னைப் பார்த்து வந்தது.

சத்தமே இல்லை. காலடி இல்லை. பலகை இல்லை. வெளிச்சம் மட்டும் வந்தது.

மணி 3.04. பாதி தூரம் வந்துவிட்டாள்.

வெளிச்சம் இறங்கியது. குனிகிறாள் என்று நினைத்தேன்.

இன்னும் இறங்கியது.

அப்போதுதான் பார்த்தேன். டார்ச்சுக்குக் கீழே இன்னொரு டார்ச் எரிந்தது. தண்ணீர். அவளைச் சுற்றி, கண்ணுக்கு எட்டிய வரை… தண்ணீர்.

இடுப்பு வரை.

மார்பு வரை.

கழுத்து.

"அம்மா… நில்லு… வராத!"

தலைத்துண்டு மறைந்தது. டார்ச் தண்ணீருக்குள்ளே எரிந்தது. பச்சையாக. என்னை நோக்கி இன்னும் வந்துகொண்டே…

நின்றது.

அணைந்தது.

3.09.

தவளைகள் மறுபடி கத்த ஆரம்பித்தன.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. காரிலிருந்த சேட்டுவை உலுக்கி எழுப்பினேன். இரண்டு பேரும் போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டலுக்குப் பின்னால் ஓடினோம். கரையில் நின்று கத்தினேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"யாருமே இல்லைண்ணா. தண்ணியில ஒரு அலைகூட இல்ல" என்றார் சேட்டு. அவர் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. விட்டிருந்தால் குதித்திருப்பேன்.

வீட்டுக்கு ஓடலாம், அண்ணனை எழுப்பலாம், கயிறு கொண்டு வரலாம் என்று தோன்றியது. உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு காரில் பத்து நிமிஷம். போய்ச் சேரும்போது 3.40. வீட்டில் விளக்கு எரிந்தது. கதவு திறந்தே இருந்தது. அண்ணன் வாசலில் நின்றான். தலை நரைத்திருந்தது.

"அண்ணா, அம்மா முழுகிட்டா! உப்பளத்துல… ஓடியா, கயிறு எடு!"

அவன் நகரவில்லை. என் முகத்தையே பார்த்தான்.

"எப்ப பாத்த?"

"இப்பதான். அரை மணி நேரம் இருக்கும்."

"அது போன வருஷம்டா" என்றான் அண்ணன்.

உள்ளே அம்மா படத்துக்கு மாலை போட்டிருந்தது. முன்னால் விளக்கு. அண்ணி வசந்தா அரிவாள்மனையில் காய் அரிந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு முதல் வருஷத் தெவசம்.

"உனக்குச் சொல்றதுக்கு யாராண்டயும் நம்பர் இல்லடா" என்றான் அண்ணன். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

தரையில் உட்கார்ந்தேன். "உப்பு வாரிக்கிட்டு இருந்தா. நான் ஓட்டல் மாடியில இருந்து பாத்தேன். சத்தம் கேட்டுது."

"கார்த்திகை மாசத்துல ஏதுடா உப்பு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மழை பிடித்தால் உப்பளம் மூடிவிடும். பாத்தி, வரப்பு, கால்வாய் எல்லாம் ஒரே தண்ணீராகிவிடும். எது இடுப்பளவு, எது ஆள் முழுகுகிற கால்வாய் என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மழைக்காலத்தில் உப்பளத்துக்குள் நடக்கிற ஆளைக் கரையிலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் வரப்பை விட்டு நேராக வந்துவிடுவார்கள். சின்ன வயதில் இதற்காக அம்மாவிடமே நான் அறை வாங்கியிருக்கிறேன். மழையே பார்க்காத ஊரில் பதினோரு வருஷம் இருந்ததில் எல்லாம் மறந்துபோயிருந்தது. உப்பில் பிறந்தவன் நான். எனக்கு மாசம் தெரியவில்லை.

அண்ணி காய் அரிவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"அன்னிக்கு மூணு ஆவறதுக்குக் கால் மணி இருக்கும். அத்தை திடீர்னு எழுந்து வாசலுக்குப் போச்சு. 'கௌதமன் வந்திருக்கான்டி, அதோ மாடியில நிக்கிறான், மஞ்ச லைட்டு எரியுது பாரு'ன்னுச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல. வெறும் இருட்டு. டார்ச்சையும் பலகையையும் எடுத்துக்கிட்டு இறங்கிடுச்சு."

"பலகை எதுக்கு அண்ணி?"

"வரப்பு எங்க இருக்குதுன்னு பாக்கத்தான். தண்ணிக்குள்ள போட்டு இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டு ஜாக்கிரதையாத்தான் போச்சு. பாதி வரப்பு தாண்டிடுச்சு. அப்புறம் நின்னுச்சு. நான் கரையில இருந்து கத்தறேன், 'வரப்ப விடாத அத்தை, வரப்ப விடாத'ன்னு. அதுக்கு என்னா சொல்லிச்சு தெரியுமா? 'என் புள்ள நேரா வரச் சொல்றான்டி'ன்னுச்சு. பலகையை வரப்பு மேலயே வச்சிட்டு இறங்கிடுச்சு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யார் கூப்பிட்டாங்கன்னு இன்னி வரைக்கும் புரியலடா" என்றான் அண்ணன். "அந்த ஓட்டல் இந்த ஆடியிலதான் தொறந்தாங்க. அப்ப அங்க வெறும் பில்லருங்கதான் நின்னுது. மாடியே இல்ல. லைட்டும் இல்ல."

போன வருஷம் அந்தத் தேதியில் நான் எங்கே இருந்தேன் என்று பிறகு கம்பெனியின் டியூட்டி சீட்டை வாங்கிப் பார்த்தேன். தமாமில் நைட் ஷிப்ட். என் கையெழுத்து இருக்கிறது.

விடியும் வரை அண்ணன் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஆறு வருஷத்துக்குப் பிறகு என் தோளில் கை வைத்தான்.

"டேய்… மேல நின்னுக்கிட்டு நீ அம்மாவாண்ட ஏதாச்சும் சொன்னியா?"

நான் அம்மா படத்தைப் பார்க்கவில்லை.

"இல்லண்ணா" என்றேன். "ஒண்ணும் சொல்லல."