குழாயில் தங்கிய சத்தம்

போன மாதம் இறந்துபோன என் அப்பா, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மோட்டார்க்காரர். கீழ்த்தொட்டித் தண்ணீரை மொட்டைமாடிக்கு ஏற்றுவது, ஃபியூஸ் போடுவது, ஒழுகும் குழாயை அடைப்பது எல்லாம் அவர் வேலை. மின்சாரத்துக்குப் பயப்பட மாட்டார். நாய்க்குப் பயப்படுவார். தூரத்தில் வால் தெரிந்தாலே தெரு மாறிவிடுவார்.

எங்கள் பள்ளி நாட்களில், அவருடைய மோட்டார் அறையில்தான் நாங்கள் ஒரு நாயை ஒளித்து வைத்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான், வாயை மூடாததால் ரேடியோ என்று பெயர் எடுத்தவன், குடியிருப்புச் சங்கச் செயலாளரின் மகன் ஊசி. ‘நாய்கள் நுழையக் கூடாது’ என்று வாசலில் பலகை மாட்டியவரே அந்தச் செயலாளர்தான். தெருநாய்க்கு முன்கால் உடைந்திருந்தது. வெளியே விட்டால் அடுத்த வண்டிச் சக்கரம் முடித்துவிடும்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். நாயைப் பிடித்துக்கொள்வது ஊசி. கட்டுப் போடுவது நான். வலி தெரியாமல் இருக்க அதனிடம் பேசிக்கொண்டே இருப்பது ரேடியோ. அவன் பேச ஆரம்பித்ததும் நாய் தூங்கிவிட்டது.

மாலையில் அப்பா கதவைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடினார்.

“யார் வேலை இது?”

“அதுவாதான் வந்துச்சு மாமா,” என்றான் ரேடியோ.

“வந்து அதுவாவே கட்டும் போட்டுக்கிச்சா?”

ரேடியோ என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான். அப்பா பெருமூச்சு விட்டார்.

“கால் சேர்ற வரைக்கும்தான். விஷயம் தெரிஞ்சா நாய்க்கு முன்னாடி நான் வெளியே போகணும்.”

அன்றிலிருந்து ஜன்னல் வழியாக ஒட்டடைக் கம்பை நீட்டித்தான் சுவிட்சைத் தட்டினார். ஒரே சிக்கல், மோட்டார் ஓடினால் நாய் குரைத்தது.

செயலாளர் இறங்கி வந்துவிட்டார்.

“என்னப்பா சத்தம் அது?”

“பேரிங் போயிடுச்சு சார்.”

“பேரிங் குரைக்குமா?”

“கடைசிக் காலத்துல குரைக்கும் சார்.”

நான் இன்று இயந்திரப் பொறியாளர். பேரிங் கீச்சிடும், உறுமும். குரைத்ததாக எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை.

“அப்ப கழட்டி மாத்து.”

மறுநாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை அப்பா முற்றத்துக்குத் தூக்கிவந்து, சாக்கில் பரப்பி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். குழாயில் தண்ணீர் இல்லை. “நாய் வேணும்னா வாளி தூக்குங்க,” என்றார் எங்களிடம். எல்லா மாடிக்கும் சுமந்தோம். ஊசி தன் வீட்டுக்கும் தண்ணீர் கொண்டுபோனான். அவன் அம்மா பதறிப்போனார்: “ஏங்க, இவன் நெத்தியைத் தொட்டுப் பாருங்க. காய்ச்சலா என்னன்னு தெரியல.”

செயலாளர் இறங்கிவந்து, பரப்பிக் கிடந்த மோட்டாரைக் குனிந்து பார்த்தார். அப்போது ரேடியோ ஒரு வாளியைக் கீழே போட்டான். அறைக்குள் நாய் குரைத்தது.

“மோட்டார் இங்க கிடக்கு. சத்தம் அங்க வருது?”

அப்பா நிதானமாக ஸ்பேனரைத் துடைத்தார்.

“அது பழைய சத்தம் சார். குழாய்ல தங்கியிருக்கும். போகப்போக சரியாயிடும்.”

செயலாளர் தன் மகனைப் பார்த்தார். கையில் வாளி, மேல்மூச்சு கீழ்மூச்சு, சட்டை முழுக்க நாய் முடி. வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தாத பிள்ளை.

“எப்போ சரியாகும்?”

“கால் சேரணும்… குழாய் சேரணும் சார்.”

“சேரட்டும்.” பாதிப் படி ஏறியவர் நின்றார். “ராத்திரிக்குக் குழாய்க்கு ஏதாவது சாப்பிடக் குடுக்கிறீங்களா?”

கால் சேர்ந்தது. பலகையை யாரும் கழற்றவில்லை. நாய் அதன் கீழேயே படுத்துக்கொண்டது. வேளாவேளைக்கு ஊட்டிய எங்களை விட்டுவிட்டு அப்பாவின் பின்னால் சுற்றியது. அவர் தெரு மாறினார், அதுவும் மாறியது. கடைசியில் ஒரே தெருவின் இரு ஓரங்களில் இருவரும் நடக்கப் பழகினார்கள்.

நேற்று அப்பாவின் கருவிப் பெட்டியை எடுக்க அந்த மோட்டார் அறைக்குப் போனேன். இப்போது புது மோட்டார். சத்தமே இல்லை.

ஒலி குழாயில் தங்காது. நொடியில் அடங்கிவிடும். எனக்குத் தெரியும்.

குழாயில் காதை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.